சாந்தகுண வாரம்

போன வாரம் நம் பழைய பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பிரம்பின் படத்தைப் போட்டார்கள். நம்மை மனிதர்களாக்கியது இதுதான் என்று அதன் கீழே எழுதியிருந்தது. உடனே கைகூப்பும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கோட்டாறில் கடை வைத்திருப்பவர் போட்டார். மஸ்கட்டில் சம்பாதித்துத் திரும்பி வந்து ரப்பர் தோட்டம் வாங்கியவர் போட்டார். தக்கலையில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் பெயரையும் இழுத்து, 'ஒங்க அப்பா அடிச்ச அடியிலதான் நான் மனுசனா ஆனேன், கேட்டியா' என்று எழுதினார்.

நான் ஒன்றும் போடவில்லை. குழுவில் எழுதினால் நாலு வரிக்குமேல் யாரும் படிக்க மாட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலாம் வகுப்பில் நாம் இருந்த அந்த மழைக்காலத்தில் வகுப்பறையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மீதி என் வீட்டில் நடந்தது. வகுப்பில் அவர் நமக்கெல்லாம் சார். மணி அடித்தபிறகு எனக்கு மட்டும் அப்பா.

அருமனையிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில், ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்தில் நம் பள்ளிக்கூடம். பக்கத்தில் ஆலயம். ஆலயத்துக்குப் பின்னால் சபை கொடுத்த ஆசிரியர் வீட்டில் நாங்கள் இருந்தோம். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஓட்டில் விழுந்தால் சார் சொல்வது கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. நனைந்த சட்டைகளின் வாடை, புகைப்புரையில் காயும் ரப்பர் ஷீட்டின் வாடை, மத்தியானத்துக்குக் கிண்டும் மஞ்சள் சோள உப்புமாவின் வாடை, மூன்றும் அந்த அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சிலேட்டை அழிக்க நாம் மஷித்தண்டு ஒடித்து வைத்துக்கொள்வோம். அதற்காகவே சண்டை நடக்கும். இப்போது அந்தச் செடியை எங்கே பார்க்க முடிகிறது? என்னுடைய அலுமினியப் பெட்டிக்குள் எப்போதும் அந்தத் தண்டின் பச்சை நீர் தேங்கிக் கிடக்கும்.

அந்த வருஷம் சபை மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. காலையில் முதல் பாடமாகக் கிறிஸ்தவ நற்குணங்களைக் கற்பிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குணம். மழை ஓய்ந்ததும் தாளாளர் நேரில் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். பிள்ளைகள் குறைந்ததால் மிஷன் பள்ளிகளில் வகுப்புகளை மூடிக்கொண்டிருந்த காலம் அது. நம் பள்ளியும் மூடப்படலாம் என்ற பேச்சு இருந்தது. அப்பாவுக்கு இருந்த பயம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று அவருடைய கையிலிருந்த பிரம்பு மட்டும்தான் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வருவதற்கு முன்பே கரும்பலகையின் மேல்பக்கம் வண்ணச் சாக்பீஸில் அந்த வாரத்துக் குணத்தை எழுதி, சுற்றிலும் பூக்கொடி போட்டிருப்பார். அத்தனை அழகான கையெழுத்து.

முதலில் உண்மை வாரம். இரண்டாம் நாளே வண்ணச் சாக்பீஸ் பெட்டி காணாமல் போனது. யார் எடுத்தது என்று கேட்டார். யாரும் எழும்பவில்லை. பெஞ்சு வரிசையாக உள்ளங்கையில் அடித்துக்கொண்டே வந்தார். முதல் அடி எனக்கு. எப்போதும் எனக்குத்தான் முதல் அடி. "எம் மகளுக்கு இல்லாத சலுகை இந்த வகுப்பில யாருக்கும் கிடையாது" என்பார். ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கும்போது, முன்பெஞ்சில் இருந்த சின்னப் பையன் தாங்க முடியாமல் எழும்பி, "நாந்தான் எடுத்தேன் சாரே" என்றான். அவனுக்குக் காலில் அடி விழுந்தது. சாயங்காலம் பெருக்க வந்த அம்மாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அதே பையனை அப்பா முன்னால் கூப்பிட்டார். உண்மை வாரத்தில் பொய் சொன்னதற்காக மறுபடியும் அடித்தார். அவன் சட்டைக்குக் கீழே டவுசர் நனைந்து, தரையில் ஓடிய நீர் என் பெஞ்சுவரை வந்தது.

இரக்க வாரத்தில் மழைக்கு ஒதுங்கிய ஒரு நாய் உள்ளே வந்தது. ஒருவன் சிலேட்டில் எழுதும் கல்லுக்குச்சியால் அதை எறிந்தான். இரக்கம் இல்லாதவனை அப்பா அடித்த அடியில் அந்த நாய் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு மழைக்குள்ளேயே ஓடிவிட்டது. கீழ்ப்படிதல் வாரத்தில் ஆலயச் சுவரோரம் குவித்திருந்த ஜல்லிக் கற்களில் முழங்கால் போட்டு நின்றோம். அன்று ஏறிய கல் தழும்பு உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் இருக்கிறதோ, எனக்கு இடது முழங்காலில் இருக்கிறது.

வீட்டில் அப்பா கை ஓங்கியதே இல்லை. இதை உங்களில் யாரும் நம்ப மாட்டீர்கள். ராச்சாப்பாடு முடிந்ததும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். வீங்கிய உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு பைய பையத் தேய்ப்பார். ஒருநாள் அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்க, அடிக்கவும் வேண்டாம், எண்ண போடவும் வேண்டாம். பிள்ளைக்கு எது அப்பான்னு தெரியாமப் போவும்."

அப்பா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் அடித்தார். மறுநாளும் எண்ணெய் தேய்த்தார்.

இனி அவளைப்பற்றிச் சொல்ல வேண்டும். பால்வெட்டுக்காரர் மகள் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தார்கள். அவளுடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அய்யா வழிக்காரர், நம் சபை இல்லை. நெற்றியில் நீளமாக வெள்ளை நாமமும் தலையில் துண்டுமாக ரோட்டில் போவார். நம்மைவிட அவளுக்கு ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். விடியுமுன்னே அப்பாவோடு தோட்டத்துக்குப் போய், சிரட்டைகளில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். விரல் நகங்களில் பால் காய்ந்து கறுத்துப் போயிருக்கும். அந்த வாடைக்காக அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தாமதமாக வந்தவர்களோடு சேர்த்து என்னை ஒருநாள் அவள் இருந்த பின்பெஞ்சுக்கு அனுப்பினார் அப்பா. அன்றிலிருந்து நான் அவள் பக்கத்திலேயே இருந்துகொண்டேன்.

அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் அடிப்பாள். அதுவும் நன்றாக அடிப்பாள். ஒருநாள் இடைவேளையில் கடைக்காரர் மகன் என் பெட்டியைப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்தான். எடுக்கக் குனிந்த என்னையும் பிடித்துத் தள்ளினான். நான் சேற்றுக்குள் கிடந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது அவள் தன் சிலேட்டால் அவன் நெற்றியில் ஒரு போடு போட்டுவிட்டாள். சிலேட்டு இரண்டாக உடைந்தது. அவன் புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

"இவள இன்னும் தொடுவியா?" என்று கேட்டாள்.

(கோட்டாறுக் கடைக்காரரே, அது நீங்கள்தான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நமக்கெல்லாம் ஒன்பது வயது, பத்து வயது.)

அவனுடைய அப்பா, அந்தக் கடைக்காரர், சபைக் கமிட்டியில் இருந்தவர். மகனை இழுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "தோட்டத்துப் பிள்ளைகள உள்ள விட்டா இதுதான் நடக்கும் சாரே. தாளாளர் வரும்போ இவ யாரு மண்டைய ஒடைப்பாளோ" என்றார். அப்பா அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். அந்தத் திங்கட்கிழமை கரும்பலகையில் சாந்தகுணம் என்று எழுதியிருந்தது.

அப்பா அன்று பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன இயேசுவைப்பற்றி அவ்வளவு நன்றாகச் சொன்னார். மழைச் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்டது. சொல்லும்போது அவருடைய கண் நிறைந்தது. அது நடிப்பு இல்லை. பிறகு அவளை முன்னால் கூப்பிட்டார். நெற்றியில் துணிக்கட்டோடு இருந்த கடைக்காரர் மகனையும் கூப்பிட்டார்.

"கைய பின்னால கட்டு" என்றார் அவளிடம். அவனைப் பார்த்து, "அடி டே" என்றார்.

அவன் பயந்துகொண்டே தட்டினான்.

"அடின்னு சொன்னேன். தடவச் சொல்லல்ல."

அவன் ஓங்கி அறைந்தான். அவள் தலை ஒருபக்கம் திரும்பியது. இப்போது இவனைக் கொன்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிரிக்கவில்லை. முகத்தை நேராக்கினாள். பிறகு மறுபக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயும் விழுந்தது. கன்னத்தில் விரல்தடங்கள் எழும்பி நின்றன.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா? இதுதான் சாந்தகுணம். இந்தப் பிள்ளையால முடிஞ்சா ஒங்க எல்லாராலயும் முடியும்" என்றார். அவளுடைய தலையில் கை வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியதோ தெரியாது. தன் பாடம் இப்படிக் கண்முன்னே பலித்ததை அவர் அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பெஞ்சுக்குப் பெஞ்சு எல்லாரையும் எழுப்பி, பக்கத்தில் இருப்பவரை நோக்கி நிற்கச் சொன்னார். ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் மறு கன்னம் காட்ட வேண்டும். பிறகு மாற்றி.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. செல்லமாகத் தட்டிக்கொண்டோம். யாரோ ஒருவனுக்குக் கொஞ்சம் பலமாக விழுந்தது. அவன் திரும்பக் கொடுத்தது அதைவிடப் பலம். அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. பழைய வம்புகளெல்லாம் வெளியே வந்தன. மஷித்தண்டு திருடியவன், உப்புமாவில் மண் போட்டவன், தங்கச்சியைக் கேலி செய்தவன், எல்லாரும் அன்று வாங்கினார்கள். ஒருத்தி மற்றொருத்தியின் சடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மூக்கில் குத்தினாள். இரண்டு பேர் பெஞ்சோடு கவிழ்ந்து ஒருவன்மேல் ஒருவன் ஏறி உருண்டார்கள். தரையெல்லாம் உடைந்த சிலேட்டு. அதன்மேல் வெறுங்கால்கள். ரத்தச் சுவடுகள் அங்குமிங்கும் போயின. நடுவில் அப்பா நின்றுகொண்டு, "சாந்தம்! சாந்தம்!" என்று கத்திக்கொண்டே கைக்கு எட்டியவர்களையெல்லாம் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தார்.

பின்பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சும்மா நின்றோம். அவள் கன்னம் வீங்கி ஒரு கண் சிறுத்திருந்தது. அப்பா எங்களைப் பார்த்துவிட்டார்.

"என்ன நிக்கிய? இவள அடி" என்று என்னைக் காட்டினார்.

அவள் கையை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார் மகள்னு பாக்காத. அடி."

"நான் இவள அடிக்கமாட்டேன் சாரே."

சத்தம் கொஞ்சம் அடங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"கீழ்ப்படிதல் என்னன்னு படிச்சியா இல்லியா? அடி!"

"மாட்டேன் சாரே. இவ என்ன ஒண்ணும் செய்யல்ல."

அப்பா பிரம்பைக் கீழே போட்டுவிட்டார். அதனால் அடி முடிந்தது என்று நினைத்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய், விரித்த உள்ளங்கையால் அவளுடைய காதோடு சேர்த்து அறைந்தார். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். அவள் பெஞ்சின் விளிம்பில் தலை மோதிக் கீழே விழுந்தாள். நான் குனிந்தேன். கண் திறந்துதான் இருந்தது. காதுக்குள்ளிருந்து மெலிசாக ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அழவில்லை. எழும்பி உட்கார்ந்தாள். நான் பேசினேன். என் வாயையே பார்த்தாள். பிறகு புத்தகங்களை எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், மழையில் இறங்கி நடந்து போனாள்.

சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. "ஒரு பிள்ள கீழ விழுந்திற்று" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைக் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். "நீங்க இப்பவே லயத்துக்குப் போயி அந்தப் பிள்ளையப் பாருங்க" என்றாள் அம்மா. "நாளைக்கு வருவா" என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. அம்மா நாள்தோறும் சொன்னாள். அப்பா நாள்தோறும் நாளைக்கு என்றார்.

அவளுக்குப் பதிலாக அவளுடைய அப்பா வந்தார்.

மழையில் பால் வெட்ட முடியாது. வேலை இல்லாத நாள். தலைத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் வந்து நின்றார். இடுப்பில் பால்வெட்டுக் கத்தி. அது எப்போதும் அங்கேதான் இருக்கும், அதனால் யாரும் பயப்படவில்லை.

"வாத்தியாரே, எம் பிள்ளைக்கு ஒரு செவி கேக்கல்ல" என்றார். "ஆசுவத்திரியில கொண்டு காட்டுனேன். உள்ள கிழிஞ்சு போச்சாம். எதுக்கு அடிச்சிய?"

அப்பா மட்டும் அன்று 'தப்பு நடந்துபோச்சு' என்று சொல்லியிருந்தால் என்று நான் இத்தனை வருஷமாக நினைக்கிறேன். அப்பா, "இது வகுப்பு. வெளிய நில்லும்" என்றார்.

அவர் உள்ளே வந்தார். அப்பா பிரம்பை எடுத்து அவர் முகத்தின் குறுக்கே வீசினார். நாமத்தின்மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அவர் பிரம்பைப் பிடித்து முழங்காலில் வைத்து ஒடித்தார். அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கரும்பலகையோடு மோதினார். பூக்கொடியெல்லாம் அப்பாவின் முதுகில் ஒட்டியது. கண்ணாடி விழுந்து உடைந்தது. அப்பாவும் சும்மா நிற்கவில்லை. அவர் கழுத்தை நெரித்தார், கையைக் கடித்தார். இரண்டு பேரும் மேசையோடு விழுந்தார்கள். அவர் அப்பாவின் தலையை ஒரு கையால் மேசைமேல் அமுக்கிக்கொண்டு, மறு கையால் கத்தியை எடுத்தார்.

"எம் பிள்ளைக்கு இல்லாத செவி ஒனக்கெதுக்கு?"

நான் கத்தினேன். நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். மரப்பட்டையில் பால் வருகிற ஆழத்துக்கு மட்டும் வெட்டிப் பழகிய கை அது. காதின் மேல்பாகத்தில் ஒரு சீவல். ஒரு துண்டு அறுந்து தொங்கியது. அவ்வளவுதான். கத்தியைத் துண்டில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அப்பாவைக் கூட்டி வரும்போது வெளிச்சம் இருந்தது. எங்கள் முற்றத்தில் சபைக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். அப்பா, "கத்தியோட வந்தான்" என்றார். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நம் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்ததற்காக நம் சாரை வெட்டிவிட்டார்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கடைக்காரர்தான் முதலில் ஆலயத்து மூங்கில் கம்பை எடுத்தார். அப்பா நார்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "போவாண்டாம்னு ஒரு வாக்கு சொல்லுங்க" என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் திரும்பவில்லை.

அம்மா முற்றத்துக்கு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "சாரம்மா, நீங்க உள்ள போங்க" என்று ஒதுக்கிவிட்டுப் போனார்கள். லயத்திலிருந்து எழும்பிய சத்தம் எங்கள் அடுக்களைவரை கேட்டது. பால்வெட்டுக்காரரின் வலது கையை முழங்கைக்குக் கீழே ஒடித்துவிட்டார்கள். பானை சட்டிகளை உடைத்து, அரிசியைச் சேற்றில் கொட்டி, ஓலைக்கூரையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இடமில்லை. போதகர், நாம் ஐயர் என்று கூப்பிடுவோமே அவர், விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறவர்களைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த அப்பாவைச் சாட்சி சொல்ல அழைத்தார். அப்பா எழும்பி நின்றார்.

"என்ன வெட்டுனவன நான் மன்னிக்கிறேன்" என்றார்.

எல்லாரும் அழுதார்கள். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா எழும்பினாள். இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வெட்டினாருன்னு சொல்லுங்க. சொல்லிட்டு மன்னியுங்க."

ஐயர் பீடத்திலிருந்து, "அம்மா, இது ஆராதனை நேரம். இருங்க" என்றார்.

"ஆராதனையிலதான ஐயரே அவிய சாட்சி சொன்னாவ? எம் பிள்ளைக்கும் ஒரு சாட்சி உண்டு." என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "நீ பாத்தத மட்டும் சொல்லு மக்களே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை இல்லை என்பதுபோல் மெல்ல ஆட்டினார். அம்மாவின் கை ஈரமாக இருந்தது. சொன்னேன். அவள் இரண்டு கன்னமும் காட்டி நின்றதைச் சொன்னேன். "என்ன அடிக்கச் சொன்னாவ. அவ மாட்டேன்னா. அதுக்கு அப்பா அவ செவியில அடிச்சாவ. ரெத்தம் வந்து" என்றேன்.

அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். என்னைக் கட்டிப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். அத்தனை பேர் பார்க்க, ஆலயத்துக்குள், என் கன்னத்தில் அறைந்தார். நான் பாயில் விழுந்தேன். அவருடைய தையல் பிரிந்து, கட்டுக்குக் கீழே ரத்தம் இறங்கி வெள்ளைச் சட்டையில் பரவியது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயர் அவசரமாக ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழும்பிப் பாடியது. நீங்களும் பாடினீர்கள்.

பிறகு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் போலீசுக்குப் போகவில்லை. தாளாளர் வரவே இல்லை. அப்பாவைக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே அவர் பிரம்பைத் தொடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். தொட்டார். வெட்டுப்பட்ட காது தெரியாமலிருக்கக் கடைசிவரை முடியை நீளமாக வளர்த்துக் கொண்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், நோயில் கூட இருந்தாள். ஆனால் தேவைக்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. அவர் எனக்கு எண்ணெய் தேய்க்க வந்தபோது நான் கையை நீட்டவில்லை. இரண்டு மூன்று தடவை கிண்ணத்தோடு வந்து நின்றார். பிறகு வருவதை விட்டுவிட்டார். பால்வெட்டுக்காரரால் அதற்குப் பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை. மழை விட்டதும் குடும்பத்தோடு கேரளத்துப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். போனபிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

உங்களுக்குத் தெரியாதது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அம்மா ஒரு பானையில் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனாள். கூரை இழுத்துப் போட்ட இடத்தில் சாக்கைக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பால்வெட்டுக்காரர் கையை மார்போடு கட்டிக்கொண்டு கண் மூடிக் கிடந்தார். அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து பானையைப் பிடுங்கி வீசினாள். கஞ்சி அம்மாவின் காலில் கொட்டியது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அம்மா தடுக்கவில்லை, போகவுமில்லை. அடித்துக் களைத்து அந்த அம்மாள் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். அம்மா சிதறிக் கிடந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மழைத்தண்ணீரில் கழுவத் தொடங்கினாள்.

அப்போது அந்த வீட்டு மகள், என் பின்பெஞ்சுக்காரி, சாக்குக்குக் கீழேயிருந்து வெளியே வந்தாள். ஒரு காதில் பஞ்சு. என் பக்கத்தில் வந்து நின்று, வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்தாள். ஒட்டுப்பால் காய்ந்த விரலால் அதை மெல்லத் தொட்டாள்.

"ஒன்னையும் அடிச்சாவளா?"

நான் நடந்ததையெல்லாம் அழுகையோடு சொல்ல ஆரம்பித்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு என் தோளைப் பிடித்து, தன்னைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் நின்னு சொல்லு" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லு."